பச்சைக் கார் முந்தக்கூடாது

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாசிலாமணி வாயைத் திறந்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு எண்பத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் அவர் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று காலை, மகன் தாமோதரன் ஷெட்டில் பச்சைக் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, இட்லித் தட்டோடு வந்து நின்றார். ஓர் இட்லியை முழுதாகத் தின்று முடிக்கும்வரை காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஜெயிச்சுடாதடா" என்றார்.

தாமோதரன் சிரித்தார். "அம்பத்தேழாம் வருஷத்து வண்டி நைனா. ஏரோப்ளேன எங்க ஜெயிக்கறது?"

"அன்னிக்கு ஜெயிச்சுச்சே."

துணி பிடித்த கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அறுபது வருஷத்துக்கு முன் எடுத்தது. சித்தூர் மைதானத்தில் இந்தக் கார், பக்கத்தில் ஒரு சின்ன விமானம். காரில் சாய்ந்தபடி இளைஞன் மாசிலாமணி, விமானத்தில் சாய்ந்தபடி தோதாத்ரி என்ற விமானி. பஞ்ச நிவாரணத்துக்காக இருவரும் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பந்தயம் விட்டார்கள் என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தது. யார் முந்தியது என்று எழுதவில்லை. போன வருஷம் தாமோதரன் அந்தப் படத்தைப் பழைய கார் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். திருப்பதியில் ஒரு தொண்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கு ஒரு வேன் வாங்க, அதே பந்தயத்தை மறுபடி நடத்தலாம் என்றார்கள். தோதாத்ரியின் பேத்தி ஸுப்ரஜா விமானப் பயிற்சியாளர். இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தானே ஓட்டுவதாகச் சொன்னாள். தோதாத்ரி இப்போது இல்லை என்று மட்டும் தாமோதரனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

மாசிலாமணி தட்டைக் காரின் மூடிமேல் வைத்தார்.

"அலிபிரியில, மலையடிவாரத்துல வண்டிய நிறுத்திட்டு மேல பாத்துக்கினு நின்னேன். பொழுது சாயற வரைக்கும் நின்னேன். ப்ளேன் வரல."

"அப்பறம்?"

"வூட்டுக்கு வந்துட்டேன்."

"யார்கிட்டயும் கேக்கலயா நைனா?"

"கேட்டா சொல்லிடுவாங்களே" என்றார் மாசிலாமணி.

பிறகு கிழவர் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "நான் மொதல்ல போய் நின்னேன். அதான் தப்பு. இப்ப அந்தப் பொண்ணு ஓட்டுது. நீ போய் மொதல்ல நின்னுடாத."

தாமோதரன் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர். மீட்டர் காட்டாத எதையும் அவர் நம்பியதில்லை. ஆனால் அன்றிலிருந்து வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால், அது முடியும்வரை மூச்சை நிறுத்திக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

பந்தயத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி நிறுவனத்துக்குப் போன் செய்தார். குழந்தைகள் கொடி செய்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஸுப்ரஜாவுக்குப் போன் செய்து, விமானத்தை நன்றாகப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். பார்த்தாயிற்று என்றவள், போனை வைக்கவில்லை. "நீங்க பத்திரமா வந்துடுவேளோன்னோ அங்கிள்?" என்றாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரிடம் கேட்கிற குரல் அது.

ஆக ஒரே வழிதான். தோற்க வேண்டும். அது சுலபம் என்று தாமோதரன் தேற்றிக்கொண்டார். நாலு பேர் தள்ளாமல் அந்த வண்டி தெருமுனை தாண்டியதில்லை.

பந்தயத்தன்று காலை ஏழு மணி. சித்தூரில் இப்போது விமானம் இறங்க இடமில்லை என்பதால் ஏற்பாடு கொஞ்சம் மாறியிருந்தது. கார் இங்கே கிளம்பும் அதே நேரத்தில் விமானம் ரேணிகுண்டாவில் கிளம்பும். திருமலைக்கு மேலாகப் பறக்கக்கூடாது, தெற்கே சுற்றிச் சித்தூர் வந்து, மைதானத்தை மூன்று முறை வட்டமடித்து, மறுபடி சுற்றிக்கொண்டு ரேணிகுண்டா திரும்ப வேண்டும். காரும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

மைதானத்தில் பனி. குழந்தைகள் சத்தமில்லாமல் கொடி அசைத்தார்கள். தாமோதரன் சாவியைத் திருப்பினார். எந்த நாளும் பதினோரு தடவை இருமுகிற எஞ்சின், தொட்டதும் பூனை மாதிரி உறுமியது.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் பாஸ்கர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நேற்று மாலை இவர் கடைக்குப் போயிருந்தபோது காக்கிச் சட்டையில் இரண்டு பேர் வந்தார்களாம். சங்கத்திலிருந்து வருவதாகச் சொல்லி, வண்டியைப் பிரித்துப் போட்டு சுத்தம் செய்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்களாம். அக்கா கன்னிகாதான் ஷெட்டைத் திறந்துவிட்டாளாம்.

"எந்தச் சங்கம்?"

"கேக்கல மாமா. நல்லது பண்றவங்கள ஏன் கேக்கணும்?"

தாமோதரன் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். காணிப்பாக்கம் பிரிவு தாண்டியதும் தலைக்குமேல் சத்தம் கேட்டது. வெள்ளை விமானம் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து அவர்களைப் பார்ப்பது போலச் சற்று நேரம் கூடவே வந்தது. பிறகு சித்தூர் பக்கம் போய் மறைந்தது. சத்தம் அறுந்த இடத்தில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

"இன்னா மாமா மாட்டுவண்டி கணக்கா போறீங்க?" என்றான் பாஸ்கர்.

"டீ குடிக்கலாம்டா."

பூதலப்பட்டில் ஒரு டீக்கடை முன் ஓரங்கட்டினார். சக்கரம் நிற்பதற்குள் கடைக்காரர் இரண்டு கிளாஸோடு ஓடிவந்து, ஜன்னல் வழியாகக் கையில் திணித்தார். இவர்கள் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை இல்லாத டீ. தாமோதரனுக்குச் சர்க்கரை நோய் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரிய வழியில்லை.

"குடிச்சிக்கினே போங்க சார். இங்க நிக்காதீங்க."

"கிளாஸு?"

"கிளாஸு போனா போவுது. நீங்க போங்க."

கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் எழுந்து நின்று, வண்டி கண்ணில் மறையும்வரை பார்த்தார்கள். கண்ணாடியில் தாமோதரன் அதைக் கண்டார். சவ ஊர்வலம் போகும்போது அப்படி நிற்பதுண்டு.

ஆறு வழிச் சாலையில் போனால் முந்திவிடுவோம் என்று பயந்து, பாகாலா வழியாகப் பழைய ரோட்டில் திரும்பினார். அந்த ரயில்வே கேட் மூடினால் சாமானியமாகத் திறக்காது. எதிர்பார்த்தது போலவே மூடியிருந்தது. முன்னால் ஏழெட்டு லாரி. தாமோதரன் எஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டார். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்குக் கொட்டாவி வந்தது.

கொட்டாவி முடிவதற்குள் ரயில் போய்விட்டது. கேட் எழும்பியது. ஏழெட்டு லாரிகளும் ஹாரன் அடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக இடது பக்கம் ஒதுங்கி நின்றன. நடுவில் ஒரு கார் போகிற அளவுக்கு வழி. எந்த டிரைவரும் பேசவில்லை. கடைசி லாரிக்காரர் மட்டும் கையால் போ, போ என்று காட்டினார்.

"சாமி வழி விடுது மாமா" என்று பாஸ்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தாமோதரன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அப்பாவும் இதே ரோட்டில்தான் போயிருப்பார். அவருக்கும் இப்படித்தான் எல்லாம் விலகி வழிவிட்டதா? அவரை முதலில் கொண்டுபோய் நிறுத்த யாருக்கு அவ்வளவு அவசரம்?

வானத்தைப் பார்த்தார். ஒன்றுமில்லை. சித்தூரை வட்டமடித்துவிட்டு இந்நேரம் திரும்பியிருக்க வேண்டும்.

சந்திரகிரிக்கு முன்னால், வேண்டுமென்றே கல் குவியலில் ஏற்றினார். பின் டயர் வெடித்தது. மனசுக்குள் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். ஸ்டெப்னி கழற்ற அரை மணி, மாட்ட அரை மணி. அதற்குள் அந்தப் பெண் இறங்கிவிடுவாள்.

கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். புளியமரத்துக்குப் பின்னாலிருந்து காக்கிச் சட்டையில் மூன்று பேர் ஜாக்கியோடு வந்தார்கள். ஒருவர் வண்டியைத் தூக்கினார், ஒருவர் கழற்றினார், ஒருவர் மாட்டினார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"யார் சார் நீங்கல்லாம்? யார் அனுப்பிச்சது?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மேலேர்ந்து ஆர்டர்" என்றார் வயதானவர். "உங்கள வழியில எங்கயும் வுடக்கூடாதுன்னு."

தாமோதரன் அதற்குப்பின் எதுவும் முயற்சி செய்யவில்லை. திருப்பதி ஊருக்குள் ஒரு டவுன் பஸ் முன்னாலும் ஒன்று பின்னாலும் வந்தன. முன்னால் போனது எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. பின்னால் வந்தது, இவர் வேகத்தைக் குறைத்தபோதெல்லாம் ஹாரன் அடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது தன் கைதானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ரேணிகுண்டா விமான நிலையத்தின் வேலி ஓரம் சின்னப் பந்தல். அதன் முன் கார் தானாக நின்றது. பெட்ரோல் அங்கே தீர்ந்திருந்தது.

விமானம் இல்லை.

பந்தலில் நாலைந்து பேர்தான். அவர்களில் ஸுப்ரஜாவின் அப்பா ராம்ப்ரசாத் இருந்தார். பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பந்தய ஏற்பாட்டுக்கான முதல் கூட்டத்துக்கு வந்திருந்தபோது, இந்தக் காரின் பம்பரையும் மட்கார்டையும் எதையோ தேடுவது போல விரலால் தடவிப் பார்த்தவர். "உங்கப்பா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டவர்.

தாமோதரன் கீழே இறங்கியதும் ராம்ப்ரசாத் நேராக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை குலுக்கவில்லை. நாடி பார்ப்பது போலப் பிடித்திருந்தார். விடவுமில்லை. மற்றக் கையால் போனை எடுத்து, "வந்துட்டார்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"உங்க பொண்ணு இன்னும் வரலயா சார்?" என்று தாமோதரன் கேட்டார்.

"வருவா."

நின்றார்கள். வேலிக்கு அப்பால் ஓடுபாதை வெயிலில் காய்ந்தது. பந்தலில் யாரோ மாலையை எடுத்தார்கள், தாமோதரன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். இந்தத் தகப்பனிடம் என்ன சொல்வது என்று தாமோதரன் வார்த்தை தேடினார். அறுபது வருஷம் தன் அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போது புரிந்தது. சொல்ல எதுவும் கிடைத்திருக்காது.

இருபதாவது நிமிஷத்தில், தெற்கே மலைகளுக்குமேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது பெரிதாகி, இறங்கி, ஓடி, நின்றது. ஸுப்ரஜா கதவைத் திறந்து குதித்தாள். வேலியருகே பச்சைக் காரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சு சார்" என்றார் தாமோதரன். காரின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார், அழுதார். எல்லாவற்றையும் ராம்ப்ரசாத்திடம் கொட்டினார். அப்பா அலிபிரியில் நின்றதை, விமானம் வராததை, இன்று தான் தோற்கப் பட்ட பாட்டை, வழியெல்லாம் தன்னைத் தள்ளிக்கொண்டு வந்த காக்கிச் சட்டைகளை.

"அவாள்லாம் எங்க டிப்போ மனுஷா" என்றார் ராம்ப்ரசாத். "நீங்க வந்து சேர்ற வரைக்கும் எறங்க மாட்டேன்னு இவ மேலயே சுத்திண்டிருந்தா." அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"நைனாகிட்ட ஒடனே சொல்லணும் சார்" என்று தாமோதரன் போனைத் துழாவினார். "மூணு நாளா சரியா துன்னவே இல்ல அவரு."

"யாரு?"

"எங்க நைனா சார். மாசிலாமணி. சித்தூர்ல வூட்ல இருக்காரு."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. ராம்ப்ரசாத் பக்கத்து நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். காரையே பார்த்தார்.

"அன்னிக்கு எங்கப்பா இதே ரேணிகுண்டால எறங்கி, இருட்டற வரைக்கும் ரோட்டப் பாத்துண்டு நின்னார், கார் வரவே இல்ல" என்றார். "அறுபது வருஷமா மகாளய பட்சத்துல, உங்கப்பாவுக்கு எங்காத்துலதான் எள்ளும் ஜலமும் விட்டுண்டிருக்கோம்."