எஸ்.எஸ்.டி. வாங்கவிடாதவர்

பொருளை வாங்குவோர் உண்டு. வாங்க வசதியின்றி ஏங்குவோர் உண்டு. இவ்விரு சாராருக்கும் நடுவே, தாமும் வாங்காமல், பிறரையும் வாங்கவிடாமல், விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மூன்றாம் இனம் ஒன்று உண்டு. அதற்கு இதுவரை எவரும் பெயரிடாமையால், ஒப்பாய்வர் என்று நானே பெயரிடுகிறேன்.

எங்கள் கிசுமு நகரில், ஏரிக்காற்று எட்டும் குடியிருப்பின் மூன்றாம் வரிசையில், இவ்வினத்தின் தலையாய மாதிரி வாழ்கிறார். பெயர் ஒபூரா. ஊரார் அவரை 'இன்ஜினியர்' என்பர். எதற்கு இன்ஜினியர்? அதைக் கேட்கும் துணிவு எவருக்கும் வந்ததில்லை; தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் என்று மட்டும் தெரியும்.

கணினிக்கு, தகவல் சேமிக்கும் புதுவகைத் தட்டான எஸ்.எஸ்.டி. ஒன்று போட வேண்டும் என்று அவர் காதுபடச் சொல்லிப் பாருங்கள். நெற்றியில் கிடந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கும். பையில் கிடந்த அலைபேசி கைக்கு ஏறும். எந்தக் கம்பெனியின் தட்டு எத்தனை முறை எழுதினால் தேயும், எது வெயிலில் சுணங்கும், எது நைரோபியில் மலிவு, எது மொம்பாசா துறைமுகத்தில் இன்னும் இறங்கவே இல்லை என்றெல்லாம் உங்கள் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை ஓதுவார். அவருடைய சொந்தக் கணினியோ, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் தயவில், பொத்தானை அழுத்திவிட்டு உகாலிக் களி கிளறி, உண்டு, கை கழுவி வந்த பிறகே கண் விழிக்கும்.

இது தெரிந்தும் அபியோ அம்மா அவரைக் கேட்டார். அதுவே பிழை.

எங்கள் பக்கம் அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை. அடக்கம் என்றால் வந்தவர் கைக்கெல்லாம் ஒரு நினைவு மலர். அட்டையில் இறந்தவர் முகம், உள்ளே வாழ்க்கை வரலாறு, கடைசிப் பேரன்வரை ஒரு பெயரும் விடுபடலாகாது. அம்மலர்களை வீட்டுக் கணினியில் அமைத்து அச்சிட்டே கணவரை இழந்த அபியோ அம்மா குடும்பம் நடத்துகிறார். அக்கணினியின் டிஸ்க் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது.

"இன்ஜினியர், மலிவா ஒரு எஸ்.எஸ்.டி. சொல்லுங்களேன்," என்றார் தேவாலய வாசலில்.

"மலிவா? ஏம்மா, செருப்பா வாங்கறீங்க? ஞாபகத்த இல்ல வாங்கறீங்க!"

எங்கள் மக்கள் மூவர் கூடி ஒன்றைக் கருதினால், அது குழுவாகிவிடும். மறுநாளே வாட்ஸ்அப்பில் 'அபியோ அம்மா எஸ்.எஸ்.டி. கொள்முதல் குழு' தோன்றியது. தலைவர் ஒபூரா. பொருளாளர் பாடகர் குழு ஒகோலா. செயலாளர், ஒப்புக்கொள்ள நாணமாக உள்ளது, அடியேன். ஒவ்வொரு கூட்டமும் ஜெபத்தோடு தொடங்கிற்று. மந்தாசிப் பணியாரமும் தேநீரும் அபியோ அம்மா செலவு. மூன்றாம் கூட்டத்தில், நொடிக்கு ஏழாயிரம் மெகாபைட் பாயும் தட்டே தகுதியுடையது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

"அதச் சொருக என் கம்ப்யூட்டர்ல எடம் இருக்கா?" என்றார் அபியோ அம்மா.

"அத அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

"சின்னதா ஒண்ணு இப்பவே வாங்கிட்டா என்ன?"

"ரெண்டு வாரம் பொறுங்க. வெல எறங்கும்."

விலை ஏறியது. ஏறியதால் இறங்கியே தீரும் என்று இன்னும் இரண்டு வாரம். டிஸ்க் டக்டக்.

அந்த வேளையில்தான் சியாயாவில் ஒபூராவின் மாமனார் காலமானார். மலருக்கு மருமகன் பொறுப்பேற்றார். கிழவர் படமெடுக்க முகம் கொடாதவர். அடையாள அட்டையில்கூட மற்றதெல்லாம் தேய்ந்து இரண்டு காதுகள் மட்டும் எஞ்சியிருந்தன. மருமகனுக்காக மூன்று முறை சிரித்திருந்தார். அம்மூன்று படங்களையும் ஒபூரா அபியோ அம்மாவின் கணினியில் ஏற்றினார். ஏற்றிய கையோடு அலைபேசியிலிருந்து அழித்தார். ஏன்? இடமில்லை. அப்படி என்ன நிறைந்திருந்தது அதில்? நானூற்றுப் பன்னிரண்டு எஸ்.எஸ்.டி. விலைப்பட்டியல்கள்.

வியாழக்கிழமை டக்டக் நின்றது. அதோடு கிழவரின் முகமும் போயிற்று.

வெள்ளி காலை அபியோ அம்மா எவரையும் கேளாமல் கடைத்தெருவுக்குப் போனார்.

"கம்ப்யூட்டருக்கு என்ன வயசு?" என்றாள் கடைக்காரி.

"பத்து."

"அப்ப இந்தச் சாதா சாட்டா வகையே போதும். இருநூத்தி நாப்பது ஜிபி."

"வேகம்?"

"நீங்க டைப் அடிக்கிற வேகத்துக்கு இது காத்துக்கிட்டுல்ல இருக்கும், அக்கா!"

பத்து நிமிடம். ஐந்து வாரக் கூட்டக் குறிப்புகளை எழுதிய கையால் இதைச் சொல்கிறேன்: பத்தே நிமிடம். இரவெல்லாம் விழித்து எழுத்தை மீண்டும் தட்டினார். முகத்தை எதைக்கொண்டு தட்டுவது? அட்டையில் பூச்சட்டம் மட்டும், நடுவே வெறுமை.

சனிக்கிழமை, கூடாரம் நிறைந்த கூட்டத்தின் முன், மூத்த மைத்துனர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மாப்ள, அட்டையில எங்கப்பா மொகம் இல்ல. உங்க போன்லயும் இல்லையாம். சரி, எந்திரிச்சு அவர் எப்படி இருந்தார்னு நீங்களே சொல்லுங்க. பேரப்புள்ளைங்க கேக்கட்டும்."

ஒபூரா எழுந்தார். கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"மாமா மூக்கு இருக்கே... அவர் தம்பி மூக்கோட ஒப்பிட்டுப் பாத்தா கொஞ்சம் அகலம். ஆனா அவர் அண்ணன் மூக்கோட வச்சுப் பாத்தா..."

மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசாத மண் எங்களுடையது. அந்த அம்மையார் பேசினார்.

"போதும். உக்காருங்க."

ஒபூரா உட்கார்ந்தார். கூட்டத்தில் எவரும் சிரிக்கவில்லை. செயலாளராகிய நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருந்தினாரா? திரும்பும் பேருந்தில் நெடுநேரம் தலைகுனிந்திருந்தவர், மெல்ல அபியோ அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"எந்தக் கம்பெனி வாங்குனீங்க?"

சொன்னார்.

"அவசரப்பட்டுட்டீங்களேம்மா. அடுத்த வாரம் எறங்குது."

நீங்கள் சிரிக்கிறீர்கள், நன்று. சிரித்து முடித்தபின் உங்கள் அலைபேசியைத் திறந்து, சேமித்த படங்களைச் சற்றே தள்ளிப் பாருங்கள். வீட்டார் முகங்கள் எத்தனை, விலைப்பட்டியல்கள் எத்தனை? அந்த முகங்களுக்கு வேறெங்கேனும் ஒரு நகல் உண்டா? உடனே பார்க்கத்தான் வேண்டுமா, இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறதா?

வணக்கம், இன்ஜினியர்.