ஆவி பறக்கும் வாசிப்பு வட்டம்

இருநூற்று அறுபத்தேழு மணி நேரம். ஒரே நாவலைப் பன்னிரண்டு வீடுகள் வாசித்து, வியந்து, படமெடுத்து முடிக்கக் காரிமங்கலத்துக்குத் தேவைப்பட்ட காலம் அவ்வளவுதான். வாரச்சந்தை கூடுகிற ஊர் என்று மட்டுமே நம்மை நினைத்திருந்தவர்கள் இனித் தலை குனிந்துகொள்ளலாம்.

இந்தப் பெருமை 'ஆவி பறக்கும் வாசிப்பு வட்டம்' என்ற அமைப்பைச் சேரும். நிறுவனர் நவநீதன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெங்களூரில் ஒருவர் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் படமெடுத்ததை அவர் நேரில் கண்டிருக்கிறார். வாசிப்பு என்றால் என்னவென்று அன்றுதான் அவருக்கு விளங்கியது.

வட்டத்தின் விதிகள் எளியவை. புத்தகம் ஒரு வீட்டில் ஒரு நாள். பக்கத்தில் ஒரு கோப்பை, பட்டையும் ஆரஞ்சும் மணக்கும் தேநீர். அட்டை தெளிவாகத் தெரிய வேண்டும். ஆவியும் தெரிய வேண்டும். மாலை ஆறு மணிக்குள் படம் வாட்ஸப் குழுவில் ஏற வேண்டும். வாசிப்பதைப் பற்றி விதி ஏதுமில்லை. அவ்வளவு அடிப்படையான விஷயத்தை எழுதிவைப்பது உறுப்பினர்களை அவமதிப்பதாகும்.

தேநீரை யாரும் குடித்ததாகத் தகவல் இல்லை. படம் எடுத்ததும் முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் குடித்தார்கள்.

முதல் நாவல் 'நட்சத்திர விளக்கின் பின்வாசல்'. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறுமி வீட்டு நட்சத்திர விளக்கின் பின்பக்கமாக நுழைந்து பனி நாட்டுக்குப் போகிற கதை. 'எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஆகவே அது குழந்தைகள் கையில் சிக்காமல் பாதுகாக்கத் தனித் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது.

நாவலை வழங்கியவள் ஷைனி. பி.எஸ்சி. வேதியியல் படித்தவள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கையில் ஊசி குத்துவாள். நான்கு பேர் முன்னால் வாய் திறக்க மட்டும் அவளால் ஆகாது.

கொடுத்த அன்று மாலையே அவளுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பதறிப்போய்க் குழுவில் ஒரு வரி தட்டினாள். அனுப்புவதற்குள் நவநீதனின் விமர்சனம் வந்து விழுந்தது: 'முதல் இருபது பக்கம். கண்ணீர். வார்த்தை இல்லை.'

ஷைனி தன் வரியை அழித்தாள். ஒரு மனிதர் அழுதிருக்கிறார். அவரிடம் போய் எதைச் சொல்வது?

மறுநாள் பள்ளி ஆசிரியை ஜோஸ்பின், 'அந்தச் சிறுமி நான்தான்' என்று எழுதினார். அதற்கு மறுநாள், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் கலைவாணன் கும்பிடுகிற கைகளை மட்டும் போட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு முகம் வாடியிருக்கும். பன்னிரண்டு வீடும் சுற்றி முடிந்த இப்போது பன்னிரண்டு முகங்கள்.

சொல்லாமலும் தீராது. ஞாயிற்றுக்கிழமை அரசு ஆய்வகப் பணிக்கான தேர்வு. அதற்குள் அந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்தாக வேண்டும். ஏன் என்பது அவள் அம்மா புஷ்பமேரிக்கு மட்டுமே தெரியும்.

"வாயி இருக்குது இல்ல? போயி கேளுடி."

"எப்படிம்மா கேக்கறது? எல்லாரும் அழுதிருக்காங்க."

"அழுதவங்க மூக்கச் சிந்திட்டுக் குடுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மாலை நவநீதன் வீட்டு மாடியில் நிறைவுக் கூட்டம். பன்னிரண்டு கோப்பைகளில் ஆவி பறந்தது. ஒருவரும் தொடவில்லை.

"இந்த நாவல்ல உங்கள ரொம்பப் பாதிச்ச எடம் எதுங்க?" என்று நவநீதன் தொடங்கி வைத்தார்.

"நடுவுல ஒரு எடம் வருது பாருங்க," என்றார் ஜோஸ்பின்.

"அதேதான்!" என்றது அவை. பன்னிரண்டு பேரை ஒரே இடம் பாதித்திருக்கிறது. இலக்கியத்தில் இது அபூர்வம்.

கலைவாணன் தயங்கினார். "நான் நடுவுல ஒருக்கா தொறந்து பாத்தனுங்க."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். திறந்து பார்ப்பது விதிமீறலா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

"ஒரு குடுவைல இருந்து ஆவி கெளம்பிக் கொழா வழியா இன்னொரு குடுவைக்குப் போவுதுங்க. அம்பு போட்டுக் காட்டியிருக்குது."

"மாயக் குடுவை," என்றார் நவநீதன் சட்டென்று. "கற்பனைக் கதைன்னா அப்படித்தான் இருக்கும்."

"குறியீடு," என்றார் ஜோஸ்பின்.

"ஆமாங்க மேடம், குறியீடு நெறைய இருந்துச்சு. ஒண்ணும் வெளங்கல."

"வெளங்கலன்னா தரமான நாவல்னு அர்த்தம்."

ஜோஸ்பினின் ஒன்பது வயது மகள் காவேரி அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "மம்மி, அந்தப் பொண்ணு கடைசில வூட்டுக்கு வந்துட்டாளா?"

"எந்தப் பொண்ணு?"

"கதைல வர்ற பொண்ணு."

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வரக்கூடாது."

நவநீதன் எழுந்தார். கையில் புத்தகம், மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு டேப் சுருள். "மகிழ்ச்சியான அறிவிப்பு. பாப்பிரெட்டிப்பட்டில நம்ம கிளை தொடங்கறோம். நாப்பது வூடு. நாளைக்குக் காலைல புத்தகம் பொறப்படுது. பசங்க கை வைக்காம இருக்கப் பெட்டியோட ஒட்டியே அனுப்பறோம். படத்துக்கு அட்டை நல்லாத் தெரியும்."

கைதட்டினார்கள். டேப் கிழிகிற சத்தம் கேட்டது. ஷைனி எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"சார்... அந்தப் புத்தகம் எனக்கு வேணும்."

"குடுத்தாச்சு பாப்பா. இனி அது சமூகத்தோட சொத்து."

"ஞாயித்துக்கெழம எனக்குப் பரீட்சைங்க."

"பரீட்சைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" நவநீதன் அவையைப் பார்த்துச் சிரித்தார். அவை சேர்ந்து சிரித்தது. "மொதல்ல நீ இத முழுசாப் படிச்சியா? நான் மூணு தடவ படிச்சிருக்கேன்."

"நான் ரெண்டு தடவைங்க," என்றார் ஜோஸ்பின்.

ஷைனி பையிலிருந்து மேலட்டை இல்லாத ஒரு புத்தகத்தை எடுத்தாள். "அவ வூட்டுக்கு வந்துடுவா. எப்படின்னு நீயே படிச்சுக்கோ," என்று காவேரியின் கையில் கொடுத்தாள். பிறகு நவநீதனை நிமிர்ந்து பார்த்தாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

"நாவல் இதாங்க சார். படிக்கறப்ப அழுக்காயிடும்னு மேல சுத்தியிருந்த அட்டையக் கழட்டி, அதே அளவுல இருந்த வேறொரு புத்தகத்துக்குப் போட்டு வெச்சிருந்தேன். அவசரத்துல அதையே குடுத்துட்டேன். நீங்க பன்னண்டு பேரும் படிச்சது என்னோட கெமிஸ்ட்ரி கைடுங்க."