மாப்பிள்ளை வந்த அன்று படம் வரவில்லை

“டிவி டவர்ல வேலை பாக்கிறவரே வீட்டுக்கு வந்திருக்கீங்க. இதை விட்டா எனக்கு வேற சந்தர்ப்பம் கிடைக்காது தம்பி” என்று சொல்லி, அவளுடைய அப்பா ரிமோட்டை அவன் கையில் வைத்தார்.

திரை முழுக்க நீலமாக இருந்தது. நடுவில் ‘சிக்னல் இல்லை’ என்று எழுதியிருந்தது.

அவன் பாதி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அவன் டவரில்தான் வேலை பார்த்தான். அதில் பொய் இல்லை. ஊருக்கெல்லாம் படம் அனுப்பும் அந்த ஒளிபரப்பு நிலையத்தின் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவதும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய ரசீதுகளை ஒட்டி வைப்பதும்தான் அவன் வேலை. கருவிகள் இருக்கும் அறைக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறான். அதுவும் அங்கே எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள், வீட்டில் தன் காதலைச் சொன்ன அன்று, “டிவி டவர்ல வேலை” என்று மட்டும் சொன்னாள். அப்பா அதை இஞ்சினியர் என்று எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை. கல்யாணம் முடிவான பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று இவனும் விட்டுவிட்டான். இன்றுதான் முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அப்பா சாதாரண ஆள் இல்லை. வண்டி ஓட்டும் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுங்கி வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தே பழகியவர். அவர் முகத்தை வைத்து அவர் மனதில் என்ன இருக்கிறது என்று பெற்ற பெண்களாலேயே சொல்ல முடியாது.

“காலையிலேர்ந்து இப்படித்தான் இருக்கு” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து. “மெதுவாப் பாருங்க தம்பி. பெரியவளும் அவ வீட்டுக்காரரும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாங்க. அவருக்கு பஸ் ட்யூட்டி.”

“ரெண்டு நிமிஷ வேலைம்மா” என்று அவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ரிமோட்டில் எதையோ அழுத்தினான். ஒரு பட்டியல் வந்தது. ‘சேனல்களைத் தேடு’ என்று இருந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. தேடச் சொன்னால் தேடிவிட்டுப் போகிறது. அழுத்தினான். ‘பழைய சேனல்களை நீக்கிவிட்டுத் தேடலாமா?’ என்று டிவி மரியாதையாகக் கேட்டது. பழையது எதற்கு என்று அதற்கும் சரி சொன்னான்.

பச்சைக் கோடு ஒன்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாக ஊர்ந்து போய் முடிந்தது. ‘சேனல் எதுவும் கிடைக்கவில்லை.’

அப்பா தொண்டையைச் செருமினார். “முன்னாடி படம்தான் இல்ல தம்பி. இப்ப சேனல் பேரு கூட இல்ல.”

“முதல்ல எல்லாத்தையும் சுத்தம் பண்ணணும் சார். அப்பத்தான் ஒழுங்கா வரும்.”

“என் சீரியலு?” என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

“சீரியல் எங்கயும் போகலம்மா. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நமக்குத்தான் தெரியல.”

அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. அவன் கை கழுவ வேண்டும் என்று சொல்லிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, டவரில் இருக்கும் நிஜமான இஞ்சினியருக்குப் போன் செய்தான். இருவரும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள்.

“டேய், உன் சிக்னல் இங்க வரலடா.”

“யார் சொன்னது? ஊர் முழுக்க ஜோராப் போய்க்கிட்டிருக்கு. என்ன, எங்கேயோ தண்ணி கொட்டுது?”

“அது கிடக்கட்டும். இங்க லேசாக் கூடத் தெரியலடா. அந்தக் காலத்துல புள்ளி புள்ளியாவாவது வருமே, ஆள் தெரியாட்டியும் பேச்சாவது கேக்குமே!”

“அது பழைய முறைடா. டிஜிட்டல்ல அரைகுறைங்கிற பேச்சே கிடையாது. வந்தா முழுசா வரும். இல்லாட்டி ஒண்ணுமே வராது. காத்துல ஏரியல் திரும்பியிருக்கும். மாடிக்குப் போயி, நம்ம டவரைப் பாத்தாப்ல திருப்பி விடு.”

மாடி, அவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதன் ஓரமாக இரண்டு கம்பங்கள், இரண்டு ஏரியல்கள். ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்று துருப்பிடித்து, பாதிக் குச்சிகள் வளைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. படம் வராத வீட்டு ஏரியல் எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. துருப்பிடித்ததைப் பிடித்து டவர் பக்கம் திருப்பினான்.

“வந்துச்சா?” என்று கத்தினான்.

“வரல!” என்று கீழே படிக்கட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

இன்னும் கொஞ்சம் திருப்பினான். “இப்ப?”

“இப்பவும் வரல!”

“ஐயையோ, போச்சு!” என்று மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. அது பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அடுத்த நொடி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மாள் கீழே முற்றத்துக்கு ஓடி வந்து மேலே பார்த்தாள். பள்ளிக்கூட டீச்சர்.

“யாருப்பா அது மாடில? எங்க ஏரியலை என்ன பண்றே? என் க்ளாஸ் பசங்க வினாடி வினால உக்காந்திருக்காங்க! இப்பத்தான் ரெண்டாவது கேள்வி கேட்டாங்க, படம் போச்சு!”

“மன்னிச்சுக்குங்க டீச்சர், இதோ பழையபடி திருப்பிடறேன்!”

பழையபடி எது என்பதுதான் அவனுக்கு நினைவில்லை. அப்படித் திருப்பினான், இப்படித் திருப்பினான். “இல்ல, இல்ல” என்று டீச்சர் முற்றத்துக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சற்று அழுத்தித் திருப்பியபோது துருப்பிடித்த மரை மளுக்கென்று உடைந்து, ஏரியல் முழுசாக அவன் கையோடு வந்துவிட்டது.

பதறிப்போய், கீழே விழுந்துவிடக் கூடாது என்று அதை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

“வந்துடுச்சு!” என்று டீச்சர் கூவினாள். “அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!”

அப்படியே நின்றான்.

வெயில் தலையில் இறங்கியது. இந்த நாளுக்கென்றே வாங்கிய வெள்ளைச் சட்டையில் துரு கோடு கோடாக வழிந்தது. மூக்கு அரித்தது. ஒரு கையை எடுத்தான். “போச்சு!” என்று அலறல் கேட்டது. கையை மறுபடி வைத்துக்கொண்டான். காக்கை ஒன்று வந்து ஏரியல் நுனியில் உட்கார்ந்து அவனைக் குனிந்து பார்த்தது. அதை விரட்டவும் வழியில்லை. “சரியாச் சொல்லிட்டான் என் தங்கம்!” என்று டீச்சர் கை தட்டுவது கேட்டது. யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு மேலே வந்தாள். அவன் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

“நீங்க எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தீங்க?”

“சிரிக்காதே. கை வலிக்குது.”

அவள் கிட்டே வந்து டம்ளரை அவன் வாயில் வைத்துச் சாய்த்தாள். குடித்தான்.

“கீழ அப்பா என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லல. அந்த நீலத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“கோவமா இருக்காரா?”

“தெரியல. சந்தோஷமா இருந்தாலும் அப்படித்தான் இருப்பார்.”

தூரத்தில், வீடுகளுக்கெல்லாம் மேலே, அவனுக்குச் சோறு போடும் டவர் தெரிந்தது.

“நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்றான்.

“என்னன்னு?”

“எனக்கு ஏரியலும் ஒண்ணுதான், துணி காயப்போடற கம்பியும் ஒண்ணுதான்னு.”

“இப்பவேவா?” அவள் முகம் வாடிவிட்டது. “அப்பா மாட்டேன்னு சொல்லிட்டா?”

“இன்னிக்குச் சரின்னு சொல்லி, நாளைக்கு ஃபேன் ஓடலன்னா? அடுத்த மாசம் ஃப்ரிட்ஜ் நின்னா? உன்னைக் கட்டிக்கிட்டு வாழ்நாள் முழுக்க நான் இந்த மாடிலயே நிக்கணுமா?”

அவள் டம்ளரைச் சுவரின்மேல் வைத்தாள். “நானும் வரேன். அன்னிக்கே சொல்லாம விட்டது நான்தானே.”

ஆனால் கையை எடுக்க முடியாது. “கடைசி ரவுண்டு!” என்று கீழே டீச்சர் அறிவித்திருந்தாள். அவன் யோசித்துவிட்டு, “என் பெல்ட்டைக் கழட்டு” என்றான். அவன் ஏரியலைக் கம்பத்தோடு ஒட்டிப் பிடிக்க, அவள் பெல்ட்டால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் கையை எடுத்தார்கள். டீச்சரிடமிருந்து அலறல் வரவில்லை.

கல்யாணத்துக்குள் கொஞ்சம் சதை போடும் என்று நம்பித் தாராளமாகத் தைத்த பேண்ட் அது. பெல்ட் போனதும் அது தன் வேலையைக் காட்டியது. அதை ஒரு கையால் பிடித்தபடியே இறங்கி, அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

“சார், நான் இஞ்சினியர் இல்ல. அங்க சம்பளப் பட்டியல் போடறேன், டீசல் பில்லு ஒட்டறேன். டிவியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க சேனலை எல்லாம் அழிச்சது நான்தான். பக்கத்து வீட்டு டீச்சரோட ஏரியலை ஒடிச்சதும் நான்தான். அதுக்குப் புதுசு வாங்கி, விஷயம் தெரிஞ்ச ஆளை வெச்சு மாட்டிக் குடுத்துடறேன். உங்க டிவிக்கு என்ன ஆச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்.”

“அப்பா, இவர் மேல தப்பில்ல” என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள். “நீங்க இஞ்சினியர்னு நினைச்சப்ப, நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

அம்மா சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். அப்பா அவனுடைய சட்டையைப் பார்த்தார். பேண்ட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“அவ்வளவுதானா? வேற ஏதாவது இருக்கா?”

அவன் நன்றாக யோசித்தான். “குளியலறைல கை கழுவல சார். போன்தான் பேசினேன்.”

அப்பா எழுந்தார். நேராக டிவிக்குப் பின்னால் போய், குனிந்து, கையை விட்டு ஏதோ செய்தார். திரும்பி வந்து ரிமோட்டை எடுத்தார். பச்சைக் கோடு மறுபடி ஊர்ந்தது. இந்தத் தடவை சேனல் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக வந்து நின்றன. பிறகு படம் வந்தது. பளிச்சென்று, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சீருடை போட்ட பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் விசிலே அடித்துவிட்டாள்.

“உக்காருங்க மாப்பிள்ளை” என்றார் அப்பா.

அவன் உட்காரவில்லை. காலையிலிருந்து ‘தம்பி’யாக இருந்தவன் எந்த நிமிஷத்தில் மாப்பிள்ளை ஆனான் என்று புரியாமல் அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கோளாறு சார்?”

“ஒயர் கழண்டிருந்துது.”

“அது எப்படி சார் தானாக் கழண்டுது?”

அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அந்த நேரத்தில் வெளிக் கதவு திறந்து, அவளுடைய அக்கா வந்தாள். பின்னாலேயே, டிரைவர் சட்டையோடு அக்காவின் கணவர். செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் உள்ளே பார்த்தார். துரு படிந்த சட்டையோடு, இடுப்பைப் பிடித்தபடி, கூடத்தின் நடுவில் நின்ற புது ஆளைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உண்மையிலேயே மனசு நொந்த குரலில் சொன்னார்:

“இது அநியாயம் மாமா! எனக்கு மட்டும் தண்ணி மோட்டாரையே கழட்டி வெச்சீங்க, சகலைக்கு வெறும் டிவி ஒயரோட விட்டுட்டீங்களே!”