வால்நட் மரத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

மில்லர்ஸ் ஃபோர்க், இந்தியானா
மே 3, சனிக்கிழமை

டன்வெல் கல்லூரியின் பாராலீகல் துறைத் தலைவர், பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் பியாட்ரிஸ் ஹோல்கம்ப் அம்மையார் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டெல்பர்ட் ஸ்டாக்கர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கு நலம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் முதல் வரியிலேயே பொய் வேண்டாம். நலமில்லை. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை வரைக்குமாவது தங்களுக்கு நல்ல தூக்கமும் நல்ல ஜீரணமும் அமைய வேண்டும்.

விஷயம் இதுதான். வியாழன், மே எட்டு, காலை பத்து மணிக்கு என் மனைவி நடீனை உங்கள் அறையில் உட்காரவைத்து விசாரிக்கப் போகிறீர்கள். வக்கீல் உரிமம் இல்லாமல் ஊராருக்குச் சட்ட ஆலோசனை சொன்னாள் என்று புகார். நிரூபணமானால் பட்டம் கிடையாது. பட்டமளிப்பு விழாவோ மே பதினேழு. பச்சை அங்கியை வாங்கிச் சமையலறைக் கதவில் மாட்டிவைத்திருக்கிறாள், தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது என் மூஞ்சியில் இடிக்கிறது. அம்மா, அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான். எழுதினதெல்லாம் நான். படித்தவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள், படிக்காதவன் திறந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே நிறுத்தாமல் கேளுங்கள். நடீன் இருபத்திரண்டு வருடம் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். அவர் கடையை மூடிவிட்டுப் புளோரிடா போனதும், நானும் அவளும் இனி வீட்டில் சும்மா உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பத்து நாலாவது வயதில் உங்களிடம் வந்து சேர்ந்தாள். வக்கீல் செய்யும் வேலையில் முக்கால்வாசியைச் செய்துகொடுத்துவிட்டுப் பெயரை வக்கீலுக்கு விட்டுவிடுகிற படிப்பு என்று எனக்கு விளக்கினாள். அப்படியானால் அது கல்யாணம் ஆன பெண்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த படிப்புதானே என்று கேட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு தாமதமாக வந்தது.

முதல் வருடத்திலேயே நீங்கள் நெறிமுறைப் பாடம் நடத்தினீர்கள். வக்கீலாக இல்லாதவர்கள் யாருக்கும் எக்காரணம் கொண்டும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நல்ல பாடம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை வீட்டுக்குள்ளும் கடைப்பிடிப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நூலகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியதற்கு எனக்கு அபராதச் சீட்டு எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகையே இல்லை. ஓடிவந்து கேட்டேன்.

"நடீன், இதை நான் கட்டணுமா, எதிர்த்துக் கேக்கலாமா?"

"நான் வக்கீல் இல்ல, டெல்பர்ட்."

"நீ என் பொண்டாட்டிதானே?"

"பொண்டாட்டிதான். வக்கீல் இல்ல. வக்கீலைப் போய்ப் பாரு."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், என் தட்டுக்கு அடியில் தடிமனாக ஒரு புத்தகம், விரித்தபடி. மீட்லோஃப் இறைச்சியின் குழம்பு சிந்தப் போகிறதே என்று தட்டைத் தூக்கினேன். போக்குவரத்து அபராதம், பலகை இல்லாத இடங்கள், என்று தலைப்பு. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அபராதம் ரத்தானது. நாலு வருடமாக எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. அவள் எதையும் சொல்வதில்லை, புத்தகம் தானாகத் திறந்து கிடக்கிறது, நான் தட்டைத் தூக்குகிறேன்.

இதோ இப்போதும் வந்து நிற்கிறாள். "காபியைக் குடி, டெல்பர்ட், ஆறுது" என்கிறாள். என் உயிர் போகிற நேரத்தில் காபி ஒன்றுதான் குறைச்சல். குடிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கே விட்டேன்? ஆங், தட்டு. இப்படி நாலு வருடம் தட்டைத் தூக்கித் தூக்கி எனக்கும் கொஞ்சம் சட்டம் ஒட்டிக்கொண்டது. போதாததற்குச் சாட்சி விசாரணை பழக என்னைத்தான் பிடித்து உட்காரவைப்பாள். "மிஸ்டர் ஸ்டாக்கர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குன்னு சுட்டு வெச்சிருந்த ரூபார்ப் பலகாரத்துல ஒரு துண்டு கொறையுது. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்பாள். "ஞாபகமில்லை" என்பேன். "உங்க மீசையில என்ன ஒட்டியிருக்கு?" என்பாள். இவ்வளவு பயிற்சி எடுத்த மனுஷனால் சும்மா இருக்க முடியுமா? தினமும் காலையில் டோனட் கடையில் நாங்கள் ஏழெட்டுக் கிழங்கள் கூடுவோம். அங்கே நான் வாயைத் திறக்க ஆரம்பித்தேன்.

முதல் பலி கஸ். தன் மீன்பிடிப் படகை இரண்டு அண்ணன் மகன்களுக்கும் உயில் எழுதிவைக்க வேண்டும் என்றார். கையால் எழுது, இரண்டு சாட்சி போதும் என்றேன். கைக்கு எட்டின இரண்டு பேர் அந்த அண்ணன் மகன்களேதான். சொத்து வாங்குகிறவர்களையே சாட்சிக் கையெழுத்துப் போடவைக்கக் கூடாது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் வருவதற்குள் நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். உயிலைப் படித்த பையன்கள் படகு யாருக்கு என்று அன்றைக்கே ஏரியில் சண்டை போட்டுக் கவிழ்த்துவிட்டார்கள். கஸ் இன்றுவரை திடகாத்திரமாக இருக்கிறார், படகுதான் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. போன மார்ச் மாதம், ஆணி சுத்தியல் விற்கிற வெண்டெல் வந்து புலம்பினான். பக்கத்து வீட்டு ஓப்பல் க்ரெப்ஸின் வால்நட் மரம் இவன் கூரைமேல் சாய்ந்து, காய் விழுந்து விழுந்து ஓடு உடைகிறதாம். ஓப்பல் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள், பொல்லாதவள்.

"ஏண்டா வெண்டெல், இதுக்கா அழுவுற? உன் எல்லைக்குள்ள வந்த கிளையை நீ வெட்டிக்கலாம். சட்டம் இருக்கு" என்றேன்.

"யார் சொன்னா?"

"நாலு வருஷமா எங்க வீட்டுல யார் படிக்கிறாங்க? நானா?"

பாருங்கள் அம்மா, அவள் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊமைக் கோட்டானுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. கிளை என்றேன், எல்லை என்றேன். சனிக்கிழமை ரம்பத்தோடு ஏணியில் ஏறினவன், மரத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போய், எல்லையையும் தாண்டி, அந்தப் பக்கமாக இறங்கியிருக்கிறான். பார்த்தால் அடிமரம் மட்டும் மிச்சம். "ஒரு பக்கம் மட்டும் வெட்டினா அசிங்கமா இருந்துச்சுடா" என்கிறான். ஓப்பல் வெண்டெலுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினாள். வெண்டெல் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான்.

நடீன் வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் கணினியைத் திறந்தேன். வீட்டுப்பாடத்துக்காக அவள் அடித்துவைத்திருந்த வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. அழகான நடை. அவள் எழுதினதை அழித்துவிட்டு அதே இடத்தில் என்னுடையதை அடித்தேன். "மேற்படி வால்நட் மரமானது எங்கள் கட்சிக்காரரின் கூரையைத் தொடர்ந்து தாக்கிவந்தபடியால், ஐந்து தினங்களுக்குள் தக்க பதில் வராவிடில் மேற்படி மரத்தின் மீதே வழக்குத் தொடுக்கப்படும்" என்று முடித்தேன். மரம் ஏற்கெனவே விறகாகிவிட்டதே என்று வெண்டெல் கேட்டான். அது நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், "நடீன் ஸ்டாக்கர், பாராலீகல் பட்டப்படிப்பு, இறுதியாண்டு, டன்வெல் கல்லூரி" என்று தானாக அச்சாவதை என் கண் பார்க்கவில்லை. ஓப்பலின் கண் பார்த்தது. ஓப்பலின் மருமகனோ நிஜ வக்கீல், நோட்டீஸை உங்களுக்கே அனுப்பிப் புகார் கொடுத்துவிட்டான்.

போன திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. நடீன் நின்றபடி படித்தாள், மடித்தாள், ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

"அங்க போயி யார் எழுதினதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று பின்னாலேயே போனேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஏன்? என் பேரைச் சொல்லு. எனக்கென்ன, என் வேலையா போகப்போகுது?"

"புருஷனைப் பத்திப் பொண்டாட்டி சாட்சி சொல்லணும்னு கட்டாயமில்ல, டெல்பர்ட். ஆறாவது அத்தியாயம்." உரித்த கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டு, "நீயும் யாருக்கும் எதையும் எழுதிக் குடுக்காத. இது சட்டமில்ல, நான் சொல்றேன்" என்றாள்.

நான் கொட்டகைக்குப் போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தாறு வயதுக்காரன் எழுதக் கூடாததுதான், எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் அவள் ஒரு கல்லூரியில் ஒரு பருவம் படித்தாள். கிறிஸ்துமஸுக்கு நான் மோதிரத்தோடு போய் நின்றேன். சரி என்றாள், படிப்பை விட்டாள். ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக்காட்டினது கிடையாது. முப்பத்தொன்பது வருடம் கழித்து மறுபடி படித்து முடித்து, அங்கியும் வாங்கித் தொங்கவிட்ட பிறகு, அதையும் கெடுத்தது அதே ஆள். இரண்டு தடவையும் நான்தான், அம்மா. எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் அவள் பேச்சை மீறி எழுதுகிறேன்.

மறுபடி வந்துவிட்டாள். "இன்னும் காபியைத் தொடலியா நீ?" என்கிறாள். இவளுக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, வேதனையில் மூளை குழம்பிவிட்டது போலிருக்கிறது. நாலு நாளாகக் காபி, காபி என்று ஒரே பாட்டு.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அவளை விட்டுவிட வேண்டும். வியாழக்கிழமை சவ அடக்கத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு நானே வருகிறேன், வெண்டெலையும் காதைப் பிடித்து இழுத்துவருகிறேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் எனக்குக் கொடுங்கள். இனி என் வாயிலிருந்து சட்டம் என்ற சொல்லே வராது. விதி, பிரிவு, பக்க எண் எதையும் உச்சரிக்க மாட்டேன். டோனட் கடையில் மழையையும் மக்காச்சோளத்தையும் பற்றி மட்டுமே பேசுவேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

தங்களுக்கும் தங்கள் துறைக்கும் எல்லா நலமும் சேரட்டும். தங்கள் தோட்டத்தில் மரம் இருந்தால், அது தங்கள் எல்லைக்குள்ளேயே வளரட்டும்.

தலைகுனிந்து,
டெல்பர்ட் ஸ்டாக்கர்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் காபிக் கோப்பையைத் தூக்கினேன். அடியில் உங்கள் கல்லூரியின் மாணவர் கையேடு. பக்கம் நாற்பத்தொன்று, விரித்தபடி, நாலு நாள் காபிக் கறை வளையம் வளையமாக. விசாரணைக் கடிதம் குறைந்தது பதினைந்து நாள் முன்னால் மாணவர் கைக்கு வந்திருக்க வேண்டுமாம். வராவிட்டால் அந்த விசாரணை செல்லாதாம், புதுக் கடிதம் போட்டுப் புதிதாகப் பதினைந்து நாள் எண்ண வேண்டுமாம். உங்கள் கடிதம் ஏப்ரல் இருபத்தெட்டு வந்தது, வியாழனுக்குப் பத்தே நாள். இது உங்கள் கைக்கு வரும் திங்கட்கிழமையே புதுக் கடிதம் கொடுத்தாலும் மே இருபது ஆகும். பட்டமளிப்பு பதினேழு. பட்டம் வாங்கியவரை விசாரிக்கக் கல்லூரிக்கு அதிகாரமில்லை என்பதும் அதே பக்கத்தில், கடைசி வளையத்துக்குள் இருக்கிறது.

"மே எட்டுக்கு இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் போகப்போறியா?" என்று கத்தினேன். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். எழுதிக் கொடுக்காதே என்றேனே என்று தலையில் கைவைத்தாள். மோதிரத்தைப் பற்றி நான் எழுதின இடம் வந்ததும் பாத்திரம் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். நான் வக்கீல் இல்லை என்றாள். ஆனால் உறையை எடுத்து, தபால்தலையை அவளே நக்கி ஒட்டினாள்.

எனவே, மேலே எழுதியிருப்பதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். எழுதியிருந்தால், அத்தனையும் உண்மை. மற்றபடி நான் தங்களுக்கு எதையும் சொல்லவில்லை. கையேட்டின் ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், காபி குடிக்கும்போது கோப்பைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.