வடலிக்குளத்தில் பஸ் நின்ற வரலாறு

வடலிக்குளம், நாங்குநேரிக்குத் தெற்கே நான்கு வழிச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். அரசின் கணக்குப்படி அந்த ஊருக்கு நெடுங்காலமாகப் பேருந்து வசதி உண்டு. ஊருக்குத்தான் அது தெரியாது. சாலைப் பிரிவில் ஆட்களை இறக்கிவிட்டுப் பஸ் போய்விடும். மீதி வழி முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே நடைதான்.

திருநெல்வேலி டவுனைச் சேர்ந்த பிரம்மநாயகி, பெங்களூரில் கணினி வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்க வந்தவள். இந்த நடையைப் படமாக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது முத்துராணியால். முத்துராணி, வள்ளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வடலிக்குளத்துப் பெண். காலையில் தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம், மாலையில் தாமதமானால் வழியில் நாய். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சமூக அக்கறையுள்ள சுயாதீனப் படைப்பாளிகளுக்கு நல்கை வழங்கும் நிதியம் ஒன்று பாளையங்கோட்டையில் இருந்தது. அதன் ஒருங்கிணைப்பாளர் சிவசங்கரன் கதர் ஜிப்பாவும் தோளில் பனையோலைப் பையுமாக எளிமையாக இருப்பார். அந்த எளிமை சென்னையில் ஒரே கடையில்தான் கிடைக்கும். படத்துக்கு ‘பேருந்தின்மையின் அரசியல்’ என்று அவரே தலைப்பு வைத்து, கொள்கையளவில் ஒப்புதலும் அளித்தார்.

அதன் பிறகுதான் விபரீதம் நடந்தது. முன்னோட்டமாகச் சில காட்சிகள் எடுக்க, பிரம்மநாயகி கேமராவோடு சாலைப் பிரிவில் நின்றாள். டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பணிமனையில் யாரோ பயந்துவிட்டார்கள். மறுநாளே பஸ் ஊருக்குள் வந்தது. கண்டக்டர் இறங்கி நின்று வணக்கம் வேறு சொன்னார். முத்துராணி அன்றைக்குக் கடை திறக்கும் முன்பே போய் நின்றாள். பிரம்மநாயகி சந்தோஷமாகப் பாளையங்கோட்டைக்கு ஓடினாள்.

சிவசங்கரனின் முகம் சுண்டிவிட்டது.

"பஸ் வந்துட்டா? யாரைக் கேட்டு?"

"படம் எடுக்கதுக்கு முன்னாலேயே மாற்றம் வந்துட்டு சார்."

"அதாம்மா சிக்கல். முதல் வருஷம் படப்பிடிப்பு. ரெண்டாம் வருஷம் திரையிடல். மூணாம் வருஷம்தான் மாற்றம். இப்பமே வந்தா அது நிதியத்தோட மாற்றம் இல்ல, அனாமத்து மாற்றம்."

பஸ் வந்ததையே படமாக எடுக்கலாமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். அதற்கு ‘நம்பிக்கைக் கதைகள்’ என்று தனிப் பிரிவு இருப்பதாகவும், ஆனால் அதில் மக்கள் போராடியிருக்க வேண்டும், ஒருவராவது ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டும் என்றும் அவர் பரிவோடு விளக்கினார். வடலிக்குளத்தில் அந்த வசதியும் இல்லை. நல்கை கிடைக்காவிட்டால் அவள் மறுபடியும் பெங்களூருக்குப் போக வேண்டியதுதான்.

படப்பிடிப்பு முடியும்வரை பஸ்ஸை நிறுத்தி வைக்கலாமே என்ற யோசனையை முதலில் சொன்னது யார் என்பதில், பின்னாளில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

பணிமனையின் கிளை மேலாளர் விதிகளை மதிப்பவர். நாங்களாக நிறுத்தினால் அது அலட்சியம், மக்கள் கேட்டு நிறுத்தினால் சேவை என்றார்.

ஊர் கூடியது. ஊராட்சித் தலைவர் கொம்பையா முதலில் கொதித்தார். படம் ஜெர்மனிக்குப் போகும் என்று கேட்டதும், அதில் தாம் எவ்வளவு நேரம் பேசலாம் என்று விசாரித்தார். பெண்கள் என்ன சேலை கட்டலாம் என்று கேட்டார்கள். பழசே போதும் என்றதில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். முத்துராணி மட்டும் தயங்கினாள். கடை முதலாளி இப்போதுதான் நல்ல முகம் காட்டுகிறார் என்றாள்.

பிரம்மநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசந்தான் முத்து. நீ இல்லன்னா படமே இல்ல."

"போஸ்டர்ல என் படம் வருமாக்கா?"

"வரும்."

பஸ்ஸை நிறுத்தக் கேட்டு ஊர் எழுதிய மனுவில் முத்துராணியும் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் நின்றது. முத்துராணி நன்றாக நடந்தாள். நாய்தான் சில நாள் ஒத்துழைக்கவில்லை. ஒரு மாதம் மூன்றானது, கடையில் அவளுக்குப் பதிலாக வேறு பெண் வந்துவிட்டாள். படம் ஜெர்மனிக்குப் போனது, பரிசும் வாங்கியது. திருநெல்வேலியில் திரையிட்டபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கார் சாவியைத் தேடினார்கள்.

பிரம்மநாயகி மறுபடியும் பணிமனைக்குப் போய்ப் பஸ்ஸை விடச் சொன்னாள். கிளை மேலாளருக்கு உண்மையிலேயே புரியவில்லை. பஸ்ஸே இல்லை என்று பரிசு வாங்கிய ஊருக்குப் பஸ் விட்டால் படம் பொய்யாகிவிடாதா என்றார். சிவசங்கரன், இது ரெண்டாம் வருஷம்தானே, அவசரப்பட வேண்டாம் என்றார்.

மூன்றாம் வருஷம், மாற்றத்தை அளக்க மதிப்பீட்டுக் குழு ஒரு பெரிய காரில் வந்தது. குழுவின் பணியைப் பதிவு செய்யும் நல்கை பிரம்மநாயகிக்கே கிடைத்திருந்தது. குழு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் முத்துராணி, பீடிக்கடையில் கொடுக்கச் சுற்றிய பீடிப் பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். படத்தால் அவள் வாழ்க்கையில் என்ன மாற்றம் என்று கேட்டார்கள்.

"முன்னல்லாம் நான் இங்கன நடக்கது ஒருத்தருக்கும் தெரியாது. இப்போ காரை நிறுத்திப் போட்டோ எடுத்துட்டுப் போறாவ" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது.

கவன ஈர்ப்பு பலமடங்கு உயர்ந்திருப்பதாகக் குழு குறித்துக்கொண்டது.

வெயில் ஏறிவிட்டது. காரின் பின்சீட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. சாலைப் பிரிவு வரைக்கும் வந்துக்கிடவா என்று முத்துராணி கேட்டாள். பிரம்மநாயகி அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள்.

"நீ பைய நடந்து வா முத்து. கார்லேந்து ஒரு ஷாட் எடுத்துக்கிடுதேன்."

முத்துராணி பையைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கமா நடக்கட்டும்க்கா?"

"மூஞ்சில வெயில் அடிக்க பக்கமா."