அளவெடுக்கும்போது யாரும் பேசக் கூடாது

இந்தத் தடவை அனுமதி கேட்பதில்லை, அறிவித்துவிடுவதுதான் என்று சவுண்டு சார் தீர்மானித்துவிட்டார். குளியலறைக் கண்ணாடி முன்னால், முகத்தில் சோப்பு நுரையோடு நின்று அறிவித்தும் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. கண்ணாடிக்குள் இருந்தவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

சவுண்டு சார் என்பது அந்த அடுக்குமாடியில் மற்றவர்கள் வைத்த பெயர். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவள் அறையைச் சுற்றி ஸ்பீக்கர்களை மாட்டி, நடுவில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு, ஹோம் தியேட்டர் என்று சொல்லிக்கொண்டவர் அவர். மற்றபடி சத்தமே போடாத மனுஷர். பெயிண்ட் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிற வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு விளக்கு, எதிரே பெயிண்ட் அடித்த இரண்டு தகடுகள். இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒரே வெள்ளைதானா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். தகடு பேசாது. வீட்டுக்கு வந்தால் மனைவியும் பேச மாட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சலவை மெஷின் கம்பெனியில் புகார் போனை எடுக்கிறவள் அவள். ஊரார் வசவையெல்லாம் காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டு, ‘கண்டிப்பா சார், கண்டிப்பா மேடம்’ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய் வருவாள். வாசலில் செருப்போடு பேச்சையும் கழற்றிப் போட்டுவிடுவாள். சாப்பாட்டு மேஜையில் “இன்னும் கொஞ்சம்?” என்பாள். “போதும்” என்பார். அன்றைய குடும்பப் பேச்சு அத்துடன் தீர்ந்தது. அதனால்தான் சார் கை கழுவிய ஈரத்தோடு அந்த அறைக்குள் போய் உட்காருவது. படம் எதுவானாலும் சரி, நாலு பேர் தன்னைச் சுற்றி நின்று பேசினால் போதும் அவருக்கு.

இப்போது அதிலும் மண் விழுந்துவிட்டது. எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற பெட்டி இருக்கிறதே, சரவுண்டு சவுண்டு புராசஸர், அது பழசாகி, வந்தவர் போனவர் எல்லாரையும் முன்வரிசையிலேயே நிறுத்திவைத்தது. முதுகுக்குப் பின்னால் ஈ காக்காய் இல்லை. புதுசு வாங்குவதற்காக மாதக்கணக்கில் படித்தார். ஒன்று பேச்சைத் தெளிவாகத் தருமாம், ஆனால் மழை சரியாகப் பெய்யாதாம். இன்னொன்றில் மழை பிரமாதமாம், ஆனால் ஆள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்குமாம். யோசித்து யோசித்துப் பேச்சைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று மாலை அறிவிப்பு நிகழ்ந்தது.

“புது புராசஸர் வாங்கப் போறேன்.”

“எதுக்கு?”

“பின்னாடி சத்தம் வரல.”

“முன்னாடி வருதுல்ல?”

“முன்னாடி மட்டும் வந்தா போதுமா? சுத்தி வரணும்மா.”

“எனக்கு நாள் பூரா சுத்தித்தான் வருது. வேணும்னா பாதிய எடுத்துக்குங்க.”

ஆனால் சார் விடவில்லை. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கடைக்காரரிடம் பேசி, பெட்டியை வரவழைத்துவிட்டார். மாட்டிய பெட்டி திரும்பிப் போகாது என்பது அவர் கணக்கு.

கடைக்காரரே வந்து ஒயர்களை மாட்டினார். குச்சி போன்ற ஒரு மைக்கை நாற்காலியில் நிறுத்தினார்.

“இந்த பட்டனை அமுக்கினா ஸ்பீக்கர் ஒண்ணொண்ணா ‘ஊய்ங்’னு சத்தம் போடும். மைக் அதக் கேட்டு ரூமை அளந்துக்கும். அளந்தாத்தான் சார் இது புராசஸர், இல்லேன்னா வெறும் டப்பா. ஒண்ணே ஒண்ணு, அளவெடுக்கும்போது வீட்ல யாரும் பேசக் கூடாது.”

“அது எங்க வீட்ல ஒரு பிரச்சனையே இல்ல,” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

கடைக்காரர் சிரித்தார். சாரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அவர் போனதும் சார் பட்டனை அமுக்கினார். ஊய்ங்!

“ஏங்க!”

சார் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார். அவள் தானாக ‘ஏங்க’ என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று!

“என்னம்மா?”

“இன்னிக்கு என்ன கலர் பார்த்தீங்க?”

கல்யாணம் ஆன நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. “வெள்ளை,” என்றார். அதோடு நிறுத்தத்தான் நினைத்தார். “வெள்ளைன்னா வெறும் வெள்ளை இல்லம்மா, லேசா நீலம் அடிக்கிற வெள்ளை. ஆஸ்பத்திரி சுவத்துக்குப் போறது. கொஞ்சம் கூடிச்சுன்னா நோயாளி முகமே நீலமாத் தெரியும்...”

‘சுற்றுப்புறச் சத்தம் அதிகம். மீண்டும் அளக்கவும்’ என்றது திரை.

மறுபடி அமுக்கினார். ஊய்ங்! “ஏங்க! அப்ப குறைஞ்சிடுச்சுன்னா?” குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் விளக்கினார். திரையும் தன் பல்லவியைப் பாடியது.

மறுநாளும் அதே கூத்து.

“ஏங்க! இன்னிக்கு ஒருத்தர், மிஷின் எப்படிக் கத்துதுன்னு போன்லயே கத்திக் காட்டினாரு.”

“எப்படி?”

“டொடக் டொடக் கீ...ன்னு. அவர் சம்சாரம் பக்கத்துல நின்னு, ‘கீ இல்லங்க, கூ’ன்னு திருத்துறாங்க.”

சார் வாய்விட்டுச் சிரித்தார். மைக் அந்தச் சிரிப்பை அளந்து பார்த்துவிட்டுக் கைவிரித்தது.

சார் ஒன்றும் மக்கு இல்லை. இரண்டு வெள்ளைக்கு நடுவில் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர். பட்டனை அமுக்கினால் பேசுகிறாள், விட்டால் மௌனம். மூன்றாம் நாள் அவருக்கு விளங்கிவிட்டது. பெட்டியை ஒப்பேற விடாமல் கடைக்கே திருப்பி அனுப்புகிற திட்டம்! கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மைக்கைத் தரையில் நிறுத்திவிட்டு, நாற்காலியை மெல்ல அறை வாசலோரமாக, சமையலறை தெரிகிற இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். கையை மட்டும் நீட்டிப் பட்டனை அமுக்கினார்.

“ஏங்க!”

பெட்டி போனால் போகட்டும். என்னை ஏமாற்றுவதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மையில் ஏமாறுவது யார் என்று உள்ளுக்குள் குதூகலித்தார். அந்த வாரம் முழுக்க அமுக்கித் தள்ளினார். கீழ்வீட்டுக்காரர் வந்து, பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வாரம் முடிந்தது. கடைக்காரர் வந்தார். “ரூமுக்கு ஒத்துவரல,” என்றார் சார், பெருந்தன்மையாக. பெட்டி போய்விட்டது.

அன்று மாலை அதே இடத்தில் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். குழாய் ஓடியது. பாத்திரம் ஒன்று மூடப்பட்டது. சார் கனைத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இன்னிக்கு யாராவது கத்திக் காட்டினாங்களா?”

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தாள். சாப்பாட்டு மேஜையில் ‘இன்னும் கொஞ்சம்?’கூட இல்லை. கரண்டியைத் தூக்கிப் புருவத்தை உயர்த்தினாள், அவ்வளவுதான்.

அறைக்குள் போய்ப் பழைய பெட்டியைப் போட்டார். திரையில் ஒரு பெரிய குடும்பம் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒருவர்கூட அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாள் இது எப்படிப் போதுமாக இருந்தது என்று அவருக்கே புரியவில்லை. நிறுத்திவிட்டார்.

மறுநாள் வேலைக்கு நடுவே வராந்தாவில் ஒதுங்கி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கடைக்குப் போன் போட்டார்.

“வேற மாடல் ஒண்ணு வெச்சுப் பார்க்கலாமா? வீட்ல தெரிய வேணாம். திடீர்னு கொண்டுவந்து இறக்கிடுங்க.”

“அதெல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு சார். நீங்க கூப்பிடுவீங்கன்னு உங்க வீட்டம்மா காலையிலயே சொல்லிட்டாங்க.”

“அவளா? என்ன சொன்னா?”

“அடுத்த பெட்டிய திங்கட்கிழமை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அதுக்குள்ள தொண்டை கொஞ்சம் தேறிடுமாம்.”