ஃபேனில் கட்டிய ஆன்டிபாடி

"குப்பி காலியா இருக்கு!" என்று போனில் அலறினார் கணவர்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எதிரே லாரி வந்தாலும், "பதறாம பிரேக்கை மிதிங்க" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்கிறவர். இன்று அவரே பதறினார். மனைவியின் ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் பார்சல் வீட்டுக்கு வந்திருந்தது. தொட்டில் அளவு பெட்டி. அதற்குள் ஐஸ். ஐஸுக்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. குப்பிக்குள் காற்று.

"காலியெல்லாம் இல்லைங்க. உள்ள இருக்கறதே ஒரு சொட்டுதான். வர்ற வழியில குலுங்கி மூடியில ஒட்டியிருக்கும்," என்றாள் மனைவி, பஸ் இரைச்சலுக்கு நடுவே. "உடம்புல இருக்கற செல்லுக்குள்ள சிக்னலுக்கு பிரேக் போடற புரதம்னு சொல்வேனே, அதைத் தேடிப்போய் ஒட்டிக்கிட்டுக் காட்டிக்கொடுக்கற ஆன்டிபாடி அது. மாசக்கணக்கா காத்திருந்து வந்திருக்கு. அது இல்லன்னா நாளைக்கு என் சோதனை அம்பேல்!"

"எப்படிக் கீழ இறக்கறது?"

"வேகமா சுத்தினா இறங்கிடும். நான் வந்து மெஷின்ல..."

லைன் போய்விட்டது.

சுற்றினால் இறங்கும். அவ்வளவுதானே? ஒரு கால் சாக்ஸைக் கழற்றி, குப்பியை அதற்குள் போட்டுத் தலைக்கு மேல் சுழற்றினார். கைநழுவிய சாக்ஸ் நேராகப் போய், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமனாரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டி சோஃபாவுக்கு அடியில் அனுப்பியது.

"மாப்பிள்ளை, இது கையால ஆகற காரியமில்ல," என்ற மாமனார் அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தார். மேலே ஃபேன் வேலைவெட்டி இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலி மேல் ஏறி, குப்பியின் அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி இறக்கையில் டேப் போட்டு ஒட்டினார்.

"ஒண்ணுல வைங்க மாமா."

கண்ணாடியில்லாத மாமனார் ரெகுலேட்டரைத் தடவித் தடவி, ஐந்தில் வைத்தார்.

'விய்ங்' என்று ஒரு சத்தம். குப்பி ஜன்னல் வழியாகப் பறந்து, கீழ்வீட்டு பால்கனியில் 'டிக்' என்று விழுந்தது.

ஒற்றைச் சாக்ஸோடு படியிறங்கி ஓடிய கணவர் கதவைத் தட்டினார். கீழ்வீட்டு அம்மா திறந்தார்.

"அம்மா, உங்க பால்கனியில என் சம்சாரத்தோட ஆன்டிபாடி விழுந்துடுச்சு!"

"ஐயையோ! எந்த ஆன்ட்டி? போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"ஆளில்லம்மா, சின்னக் குப்பி! அதுக்குள்ள ஒரு சொட்டு இருக்கணும். இல்லன்னா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதீங்க தம்பி. இங்கயே நில்லுங்க."

உள்ளே போன அம்மா சற்று நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்து குப்பியை நீட்டினார். அடியில் பளபளவென்று ததும்பியது திரவம்.

"மாமா, இறங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டே மாடிக்குத் தாவினார் கணவர். மாமனார் ஓடிவந்து முதலில் அலமாரியைக் கட்டிப்பிடித்தார், அப்புறம் மாப்பிள்ளையை.

மனைவி வந்ததும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, இவ்வளவா! கம்பெனிக்காரங்க தாராளமா குடுத்திருக்காங்களே! எப்படிங்க இறக்கினீங்க?"

"அதெல்லாம் ஒரு டெக்னிக்," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் கணவர்.

"ஸ்பீடு நான் வெச்சது," என்றார் மாமனார்.

அப்போது கீழ்வீட்டு அம்மா வாசலில் எட்டிப் பார்த்தார். எல்லாரும் சிரிப்பதைக் கண்டு அவருக்கும் மனசு குளிர்ந்தது. மனைவியின் காதருகே குனிந்தார்.

"பாவம்மா உங்க வீட்டுக்காரர், அவரைத் திட்டாதீங்க. குப்பி காலியாத்தான் கிடந்துச்சு. மூடியில மட்டும் ஏதோ பிசுபிசுன்னு ஒட்டியிருந்தது, அதைச் சுத்தமாத் துடைச்சுப்போட்டு, நல்ல தண்ணியா நான்தான் ஊத்திக் குடுத்தேன்."